வீட்டுப் போர்ட்டிகோவில் ஒரு பிக்கப்: வி-கிராஸை ஸ்பிதிக்குத் தயார் செய்வது எப்படி?

மலைச்சாலை (கோவை) எழுதியது:

வணக்கம் நண்பர்களே. செகண்ட் ஹேண்டில் 2017 மாடல் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் வாங்கியிருக்கிறேன். 2.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர், ஃபோர் வீல் டிரைவ். சேஸிஸில் துரு இல்லை, எஞ்சினும் நன்றாக இருக்கிறது. அடுத்த ஜூன் கடைசியில் நான், மனைவி, மகள் மூவரும் மணாலி வழியாக இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதி போவதாகத் திட்டம். அடல் சுரங்கம் தாண்டி கிராம்பு, பாத்தல், குன்சும் கணவாய், காசா.

வேலைகளை முடிந்தவரை வீட்டிலேயே செய்ய ஆசை. ஆர்க் வெல்டிங் மெஷின், கிரைண்டர், டிரில் இருக்கின்றன. வெல்டிங் ஓரளவு வரும்.

மனதில் இருப்பவை: முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச் (கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்). வண்டியை மூன்று இஞ்ச் உயர்த்தும் லிஃப்ட் கிட். பெரிய டயர். பின் பெட்டியில் பிளைவுட் டிராயர், அதன் மேல் ஃபிரிட்ஜ். இரண்டாவது பேட்டரி. மேலே ரூஃப் டெண்ட். பட்ஜெட் ஒரேயடியாக இல்லை, மாதாமாதம் கொஞ்சம் ஒதுக்க முடியும். எதில் தொடங்கலாம்?

பட்டறைக்காரர் (திருப்பூர்) எழுதியது:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். முதலில் வண்டியை எடைமேடைக்குக் கொண்டு போங்கள். டேங்க் நிறைய டீசல் இருக்கட்டும், ஸ்டெப்னியும் ஜாக்கியும் உள்ளேயே இருக்கட்டும். மூன்று தடவை எடை பாருங்கள்: முழு வண்டி, முன் சக்கரங்கள் மட்டும், பின் சக்கரங்கள் மட்டும். லாரிகள் நிற்கும் எந்த எடைமேடையிலும் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை இது. பிறகு ஆர்சி புத்தகத்தில் இருக்கும் மொத்த எடையிலிருந்து முழு வண்டி எடையைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் உங்கள் கையிருப்பு. மூன்று ஆட்கள், தண்ணீர், துணிமணி, அடுப்பு, அப்புறம் நீங்கள் ஆசைப்படும் அத்தனையும் அதற்குள் அடங்க வேண்டும்.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 18 மி.மீ. மரைன் பிளை, எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ. டிராயர் செட்டுக்கு இரண்டு ஷீட் போகும். ரெயில், பூட்டு, பிராக்கெட் எல்லாம் சேர்ந்தால் நூறு கிலோவை நெருங்கும், அதுவும் காலிப் பெட்டியாக. 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ. 20 லிட்டர் டீசல் கேன் 17 கிலோ. ரூஃப் டெண்ட் 50, 60 கிலோ வரும். வின்ச், அதைப் பிடிக்கும் பிளேட், இரும்பு பம்பர் எல்லாம் முன் ஆக்ஸிலுக்கு முன்னால் தொங்குகிற எடை.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம். உங்கள் வண்டியின் வீல்பேஸ் 3.1 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், பின் ஆக்ஸில் மேல் 132 கிலோ ஏறும், முன் ஆக்ஸிலில் 32 கிலோ குறையும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடியும் குறையும். அதனால் தண்ணீர், பேட்டரி, டூல்ஸ் மூன்றையும் கேபினை ஒட்டி, தரையோடு வையுங்கள். டெயில்கேட் பக்கம் தூக்கப் படுக்கை, துணி மட்டும் இருக்கட்டும்.

டிராயரை 12 மி.மீ. பிளையில் செய்யலாம், ஷீட் 24 கிலோதான். அதைத் தாங்க அலுமினியச் சட்டம் போடுங்கள். 25க்கு 25 சதுர இரும்புக் குழாய் 2 மி.மீ. கனத்தில் மீட்டருக்கு 1.4 கிலோ. அதே அளவு அலுமினியம் அரைக் கிலோ. ஆனால் ஆர்க் மெஷினில் அலுமினியம் பற்றாது, ஏசி டிக் மெஷின் வேண்டும். வீட்டு வேலைக்கு எல் பிராக்கெட்டும் போல்ட்டும் போதும், அதிர்வில் கழலாத நைலாக் நட் போடுங்கள். இரும்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் ரப்பர் ஷீட் வெட்டி வையுங்கள், இல்லையென்றால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும்.

இன்னொன்று, இது கட்டாயம்: சேஸிஸில் வீட்டில் வைத்து வெல்டிங் வேண்டாம், துளையும் வேண்டாம். பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளைகளை மட்டும் பயன்படுத்துங்கள். வண்டியில் எங்கே வெல்டிங் செய்தாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

மலைச்சாலை எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. இந்த ஞாயிற்றுக்கிழமை எடைமேடைக்குப் போகிறேன். ஒரு சந்தேகம்: எடை கூடிப்போனால் பின் பட்டாவோடு (லீஃப் ஸ்பிரிங்) ஏர் பேக், அதாவது காற்று அடைத்த ரப்பர் பை, வைத்துச் சமாளிக்கலாம் என்று யூடியூபில் பார்த்தேன். சரியா?

பெர்த் பறவை (மேற்கு அவுஸ்திரேலியா) எழுதியது:

அந்த ஏர் பேக் கேள்விக்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இங்கே டபுள் கேப் வாகனங்களில் பின்னுக்குக் கனோப்பி (பெட்டிக்கு மேல்மூடி), இரண்டு ஸ்பெயார் ரயர், கரவன் இழுவை என்று ஏற்றிக்கொண்டு பாலைவனப் பாதைகளுக்குப் போகிறார்கள். சேஸி வளைந்துபோன வாகனங்களை இங்குள்ள கராஜ்களில் பார்க்கலாம். வளைவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: கேபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவில், பின் ஆக்ஸிலுக்குச் சற்று முன்னால்.

காரணம் எளிது. லீஃப் ஸ்பிரிங் சுமையைத் தன் இரண்டு முனைகளிலும் பிரித்துச் சேஸிக்குக் கொடுக்கிறது. ஏர் பேக் ஆக்ஸிலுக்கு நேர் மேலே ஒரே புள்ளியில் தள்ளுகிறது. பின்னால் தொங்கும் சுமை கீழே அமுக்க, நடுவில் பேக் மேலே தள்ள, ஒவ்வொரு பள்ளத்திலும் சேஸி அந்த இடத்தில் மடங்கப் பார்க்கும். வாகனம் மட்டமாக நிற்கிறது என்பதால் சுமை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏற்றக்கூடிய மொத்த எடையை ஏர் பேக் ஒரு கிலோகூடக் கூட்டாது.

விலூனாவிலிருந்து ஹோல்ஸ் கிரீக் வரை போகும் இங்குள்ள பாலைவனப் பாதையான கானிங் ஸ்டொக் ரூட் ஏறக்குறைய 1,850 கிலோமீற்றர். அங்கே வாகனத்தை உடைப்பது பெரிய கல்லும் பள்ளமும் என்பதைவிட, விடாமல் வரும் அலை அலையான மண்பாதை. சொக் அப்சோபரில் எண்ணெய் கொதிக்கும், பிராக்கெட் வெடிக்கும், பற்றறித் தட்டு கழன்றுவிடும். ஸ்பிதியில் ரோட்டு போடாத துண்டுகளும் இந்த மாதிரித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எனவே நல்ல சொக் அப்சோபருக்குக் காசு ஒதுக்குங்கள். ஸ்பிரிங்கை உங்கள் உண்மையான எடை தெரிந்த பிறகு தெரிவு செய்யுங்கள், முதலில் அல்ல.

ஏலத்தோட்டம் (போடி) எழுதியது:

நான் பொலிரோ கேம்பர் ஃபோர் வீல் ஓட்டுகிறேன், மழைக்காலம் முழுக்கத் தோட்டத்துக்கு ஏறி இறங்குகிற வண்டி. எங்கள் பக்கம் கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் லிஃப்டும் கிடையாது, ஸ்நார்க்கலும் (எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய்) கிடையாது. நல்ல டயர், மெதுவாக அதிக இழுவை தரும் லோ ரேஞ்ச் கியர், பாதை தெரிந்த டிரைவர். அவ்வளவுதான்.

மூன்று இஞ்ச் லிஃப்ட் எதற்கு என்று முதலில் யோசியுங்கள். லிஃப்ட் கிட் பாடியைத் தூக்கும், பின் டிஃபரன்ஷியலை (ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) தூக்காது. கல் இடிப்பது டிஃபரன்ஷியலில்தான். அதைத் தூக்க ஒரே வழி டயர் உயரம். உங்கள் வண்டியில் 245/70 ஆர்16 இருந்தால் அதன் உயரம் 749 மி.மீ. அளவு. 265/70 ஆர்16 போட்டால் 777. அதில் பாதி, அதாவது 14 மி.மீ., தரையிலிருந்து கூடுதலாகக் கிடைக்கும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 103, 104இல் போகும்.

சகதிக்கான மட் டெரெய்ன் டயர் உங்களுக்கு வேண்டாம். கோவையிலிருந்து காசா போய்வர ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதில் கரடுமுரடான பகுதி சில நூறுதான். மீதியெல்லாம் நான்கு வழிச்சாலை. எல்லாத் தரைக்கும் ஆன ஆல் டெரெய்ன் போதும், பக்கச்சுவர் கனமானதாகப் பார்த்து வாங்குங்கள். 16 இஞ்ச் ரிம்மை மாற்றாதீர்கள். பக்கச்சுவர் உயரமாக இருந்தால்தான் காற்றைக் குறைக்கும்போது டயர் விரிந்து தரையைப் பிடிக்கும்.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தார்ச்சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைத்தால், கல்பாதைக்கு 25, 26. மணலுக்கு 18. அதற்குக் கீழே போனால் ஓரம் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழலலாம், அதனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் கட்டாயம் காற்று ஏற்ற வேண்டும், இல்லையென்றால் டயர் சூடாகி வெடிக்கும். ஆகவே முதல் செலவு நல்ல 12 வோல்ட் கம்ப்ரசரும் ஒரு பிரஷர் கேஜும். வின்ச்சை விட இவை நூறு மடங்கு உபயோகம்.

எங்கள் செம்மண் சகதியில் எந்த டயரும் அடைத்துக்கொள்ளும். அப்போது சங்கிலிதான் கைகொடுக்கும்.

கறுப்பு அங்கி (மதுரை) எழுதியது:

சட்டப் பக்கத்தையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பட்டியலில் முதலில் இருப்பதே இரும்பு பம்பர். கிராஷ் கார்டு, புல் பார் (முன்பக்கத்து இரும்புத் தடுப்பு) பொருத்துவதைத் தடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும்.

இது வெறும் அபராத விஷயம் இல்லை. புல் பார் நடந்து போகிறவரின் தொடையிலும் இடுப்பிலும் நேராக இடிக்கிறது. வண்டியின் முன்பக்கம் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி செய்த வடிவமைப்பை அது கெடுக்கிறது. விபத்தில் ஆட்களைக் காக்க விரியும் ஏர் பேக்கின் சென்சாருக்கும் தவறான தகவல் போகலாம். ஊருக்குள் ஓட்டும் வண்டி அது, வேண்டாம்.

உயரத்தையும் வெளிவடிவத்தையும் மாற்றுவதெல்லாம் சிக்கல். பெட்டிக்குள் போல்ட் போட்டு, கழற்றி வைக்கக்கூடிய சாமான்களாக டிராயர், ஃபிரிட்ஜ் ஸ்லைடு, பேட்டரி செய்துகொண்டால் அது சரக்கு மாதிரி. கனோப்பி போடுவதாக இருந்தால் டீலர் பில்லோடு வாங்கி, ஆர்டிஓவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். மறைத்தால் கிளெய்ம் சமயத்தில் மறுக்க அதுவே காரணமாகும்.

கூடவே ஒன்று: பழகிப் பார்க்கிறேன் என்று காப்புக்காட்டுக்குள் போகாதீர்கள். அனுமதியின்றி நுழைவதே குற்றம். தெரிந்தவர் தோட்டத்தில் பழகுங்கள்.

மலைச்சாலை எழுதியது:

அப்படியானால் பம்பர், லிஃப்ட் இரண்டும் பட்டியலிலிருந்து போயாச்சு. மறுபடியும் ஒரு கேள்வி: பேட்டரி. லெட் ஆசிட்டா, லித்தியமா? மகளுக்குத் தினமும் பால், தயிர் வேண்டும், மனைவிக்கு இன்சுலின் இருக்கிறது. அதனால் ஃபிரிட்ஜ் எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

மின்கம்பி (சென்னை) எழுதியது:

இன்சுலின் என்றால் இதை நிதானமாகச் செய்ய வேண்டும் தம்பி. அக்காவின் கணக்கைக் கேளுங்கள்.

45 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 12 வோல்ட்டில் நாலு ஆம்பியர் அளவு இழுக்கும். வெயில் நாளில் பாதி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள், ஒரு நாளுக்கு 48 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக ஒரு நாள். எடை 28, 30 கிலோ. அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12 கிலோ அளவு, எண்பது தொண்ணூறு சதவீதம் வரை பயன்படுத்தலாம், ஆக ஏறக்குறைய இரண்டு நாள். பட்டறைக்கார அண்ணன் சொன்ன எடைக் கணக்குக்கும் லித்தியம்தான் சரி.

ஆனால் லித்தியத்தைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. செல் உள்ளே நிரந்தரமாகக் கெடும். சந்திரதால் ஏரிப் பக்கம் ஜூனில்கூட இரவுக் குளிர் பூஜ்யத்தைத் தொடலாம். குளிரில் சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) உள்ள பேட்டரியாகக் கேட்டு வாங்குங்கள், கேபினுக்குள் பின் சீட் அடியில் வையுங்கள். எஞ்சின் பக்கம் வைக்கவே கூடாது, அங்கே சூடு அதிகம்.

வெறும் ரிலே போட்டு இரண்டு பேட்டரியையும் இணைக்காதீர்கள். லித்தியம் கிடைத்த கரண்டையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகும். கரண்டைக் கட்டுப்படுத்தித் தரும் 25 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். நாலு மணி நேரம் ஓட்டினால் காலியான பேட்டரி ஏறக்குறைய நிறையும்.

ஒயர் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. முன் பேட்டரியிலிருந்து சார்ஜர் வரை ஐந்து மீட்டர், போகவர பத்து. 30 ஆம்பியர் போகும்போது 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரில் ஏறக்குறைய 0.9 வோல்ட் விழும். 16 ஸ்கொயரில் 0.33. ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலக்ட்ரிக்கல் கடையிலோ 16 ஸ்கொயர் வெல்டிங் கேபிள் கேளுங்கள், வளைக்கச் சுலபம், செம்புக் கம்பியா என்று வெட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒயர் முனையில் மாட்டும் லக்ஸை சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பரால் நசுக்குங்கள்.

ஃபியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் பேட்டரி இருக்கிறது. 40 ஆம்பியர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள். ஒயர் தகட்டைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் குரோமெட். உரசி உரசி ஒயர் தோல் உரிந்தால் அந்த ஃபியூஸ்தான் வண்டியைக் காப்பாற்றும். கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பான் ஒன்று.

இன்சுலினை ஃபிரிட்ஜ் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்தால் வீண். நடுத்தட்டில் டிஜிட்டல் தெர்மாமீட்டரோடு இருக்கட்டும், 2 முதல் 8 டிகிரிக்குள். தனியாக ஒரு குளிர் பையும் கூட வரட்டும்.

மலைச்சாலை எழுதியது:

அக்கா, இன்சுலின் பற்றிச் சொன்னது எங்களுக்குப் பெரிய உதவி. மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன்.

எடைமேடைக்குப் போய் வந்தேன். முன் ஆக்ஸில் 1,110 கிலோ, பின் ஆக்ஸில் 850, மொத்தம் 1,960. டேங்க் நிறைய டீசல், வண்டியில் ஆள் இல்லை. ஆர்சி எண்ணிலிருந்து இதையும் எங்கள் மூன்று பேரின் எடையையும் கழித்துவிட்டு, தண்ணீர், சமையல் சாமான், துணி எல்லாம் எழுதிப் பார்த்தேன். ரூஃப் டெண்டுக்கு இடமில்லை. தரையில் விரிக்கும் டெண்ட் ஆறு கிலோ, அதுவே போதும். பாதி இரவுகள் ஊர்களில் ஹோம்ஸ்டேயில்தான் தங்கப் போகிறோம்.

வின்ச் இல்லாமல் சிக்கிக்கொண்டால்?

பட்டறைக்காரர் எழுதியது:

நல்ல முடிவு தம்பி. வின்ச் இல்லாமலே நிறைய செய்யலாம். ஒரு நீள மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் இரண்டு ரெகவரி போர்டு, நீண்டு இழுக்கும் கைனடிக் ரோப் ஒன்று, எடைத் திறன் பொறித்த இரண்டு ஷேக்கிள் (கயிறு மாட்டும் இரும்பு வளையம்). 4.75 டன் என்று பொறித்திருக்க வேண்டும், கடை இரும்பு வேண்டாம்.

வண்டியின் முன்னால் அடியில் இருக்கும் சின்ன வளையம் லாரியில் ஏற்றிக் கட்டுவதற்கு. அதில் மாட்டி வெடுக்கென்று இழுத்தால் பிய்ந்து வரும். சேஸிஸில் போல்ட் ஆகும் ரெகவரி பாயிண்ட் வாங்கி 8.8 கிரேடு அல்லது அதற்கு மேல் போல்ட்டில் போடுங்கள், டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். டிரெய்லர் மாட்டும் உருண்டையான டோ பாலில் ஒருபோதும் கயிறு மாட்டாதீர்கள். அது முறிந்து பறந்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். இழுக்கும்போது மகளும் மனைவியும் கயிற்று நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்கட்டும், பக்கவாட்டில்.

முதலில் காற்றைக் குறையுங்கள், அடுத்து மண்ணைத் தோண்டுங்கள், அப்புறம் போர்டு, கடைசியில்தான் கயிறு.

ஏலத்தோட்டம் எழுதியது:

பாத்தல் பக்கம் தண்ணீர் குறுக்கே ஓடும் இடங்களுக்கு ஒன்று. அது பனி உருகி வரும் தண்ணீர். வெயில் ஏற ஏற மதியத்துக்கு மேல் அளவு கூடும். அதனால் காலையிலேயே தாண்டிவிடுங்கள்.

அப்புறம் டிஃபரன்ஷியல் பிரீதர், அதாவது உள்காற்று போய்வரும் சின்னத் துளை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் பனித் தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். பிரீதரில் ஆயில் தாங்கும் ஹோஸ் மாட்டி, பின்பக்கத்துக்கு டெயில்லைட் உயரத்துக்கும் முன்பக்கத்துக்கு எஞ்சின் அறை உச்சிக்கும் கொண்டுபோய், நுனியில் சின்ன ஃபில்டர் போடுங்கள். கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் பிரீதர் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். ஒரு நாள் வேலை, சில நூறு ரூபாய். ஸ்நார்க்கலுக்குக் கொடுக்க நினைக்கும் காசை விட இதற்குப் பலன் அதிகம். ஊர் திரும்பியதும் டிஃபரன்ஷியல் ஆயிலை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள், பால் நிறமாக இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

மலைச்சாலை எழுதியது:

பிரீதர் வேலை அடுத்த வாரம். டிராயருக்கு அலுமினியம் வெட்டத் தொடங்கிவிட்டேன். பெட்டி உள்ளே ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, வீல் ஆர்ச் இரண்டு பக்கமும் உள்ளே வருகிறது. அதனால் ஒரே டிராயர், நடுவில். பக்கத்தில் இருக்கும் இடத்தில் தண்ணீர் கேன், கேபினை ஒட்டி. ரெயிலுக்கு எவ்வளவு தாங்குவது வாங்கட்டும்?

பட்டறைக்காரர் எழுதியது:

நீங்கள் வைக்கப்போகும் சாமான் எடையைப் போல இரண்டரை மடங்கு. கடைக்காரர் சொல்லும் எண் ஆடாமல் நிற்கும் அலமாரிக்கு. பள்ளத்தில் விழும்போது சுமை அதைவிட எவ்வளவோ ஏறும். ரெயில் பூட்டை மட்டும் நம்பாமல், மூடிய டிராயருக்கு வெளியே தனிக் கொண்டி ஒன்றும் போடுங்கள். தயாரானதும் சாமான் முழுக்க ஏற்றி, மூவரும் உட்கார்ந்து, மறுபடியும் எடைமேடைக்குப் போய் முன், பின் இரண்டு எண்ணையும் இங்கே போடுங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

பெர்த் பறவை எழுதியது:

அத்துடன் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்னால் இருநூறு, முந்நூறு கிலோமீற்றர் மோசமான ரோட்டில் முழுச் சுமையோடு ஓடிப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பிறகு நட்டின் மேலும் தகட்டின் மேலும் சேர்த்துப் பெயின்ட் பேனையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஓடி வந்து பார்த்தால் கோடு எங்கே விலகியிருக்கிறதோ அது தளர்ந்த போல்ட். ஸ்பேனர் போட்டுப் பார்க்காமலே இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். காசாவிலும் தினமும் காலையில் இதைச் செய்யலாம்.

மலைச்சாலை எழுதியது:

சரி அண்ணா. பெயின்ட் பேனா மஞ்சள் நிறத்தில் வாங்குகிறேன், கறுப்புத் தகட்டில் நன்றாகத் தெரியும். ஏற்றிய எடை எண்களோடு வருகிறேன்.